நரம்புத் தூண் வீடு

அற்புதமலர் பாரிசுக்கு வந்து சேர இருந்த கிழமையில்தான் அந்த இங்கிலிஸ் வீட்டின் கூரையில் தண்ணீர் இறங்கியது. மழைத் தண்ணீர் அல்ல. வீடு லா சப்பலில் ஒரு பலசரக்குக் கடைக்குக் கீழே, நிலவறையில் இருந்தது. பக்கத்துக் கஃபேயின் குழாய் எங்கோ வெடித்து, கோப்பி நிறத்தில் ஒரு கோடு சுவர் வழியே இறங்கி, படம் கீறித் தொங்கவிட்ட சீலையின் மேல் விளிம்பைத் தொட்டு, நீல வானத்தைக் கடந்து, புகைபோக்கியின் அடியில் வந்து நின்றிருந்தது. நீக்கிலாஸ் ஒரு வாங்கின்மேல் ஏறி நின்று அந்தக் கறையை முகிலாக மாற்றிக்கொண்டிருந்தான். முகில் கொஞ்சம் கறுத்துப் போனது. இங்கிலாந்தில் அடிக்கடி மழை என்று கேள்விப்பட்டிருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டான்.

கீழே மகாலிங்கம் ஒரு அரிசிச் சாக்கின்மேல் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். இருவரும் ஒரே அறையில் இருப்பவர்கள். நீக்கிலாஸ் பகலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுபவன். மகாலிங்கம் அதே உணவகத்தில் உருளைக்கிழங்கு உரிப்பவன்.

“மச்சான், அவள் வந்து கேக்கப் போறாள், வீடு எங்கை எண்டு. என்ன சொல்லப் போறாய்?”

“சொல்லுவன்.”

“என்னத்தைச் சொல்லுவாய்?”

நீக்கிலாஸ் முகிலுக்கு இன்னொரு முகிலைத் துணைக்குச் சேர்த்தான்.

அந்த நிலவறைதான் படம் பிடிக்கும் விக்ரோறியா ஸ்ரூடியோ. அதன் அதிபர் ஸ்ரீஸ்கந்தராசா இந்த வீட்டின் பிறப்பு வரலாற்றை வேறு மாதிரிச் சொல்வார். “நான் இங்கிலாந்திலை இருந்த காலத்திலை” என்றுதான் அந்த வரலாறு தொடங்கும். அவர் இங்கிலாந்தில் இருந்த காலம் என்பது லண்டன் விமான நிலையத்தில், ஜன்னல் இல்லாத ஒரு அறையில், ஒரு பின்னேரமும் அடுத்த நாள் காலைச் சாப்பாடும். பிறகு திருப்பி ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த ஒரு பின்னேரத்தில் ஆங்கிலேயரின் கட்டடக்கலை முழுவதும் அவருக்குள் இறங்கிவிட்டதாக அவர் உண்மையாகவே நம்பினார். தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் அவருடைய படத்துக்குக் கீழே ‘மேலைத்தேயக் கட்டட ஓவிய வித்தகர்’ என்று அச்சாகியிருந்தது. அந்தப் பட்டத்தைக் கொடுத்தது யார் என்று யாரும் கேட்கவில்லை. மலருக்கு விளம்பரம் கொடுத்தது அவர்.

உண்மையில் நடந்தது இவ்வளவுதான். லா சப்பலுக்கு வந்த பெடியள் எல்லோருக்கும் ஊருக்கு அனுப்ப ஒரு படம் தேவைப்பட்டது. முதலில் வெளியே நின்றுதான் எடுத்தார்கள். ஒருவன் மொன்மார்த்தர் மலையில் வெள்ளைக் கோவிலுக்கு முன்னால் நின்று எடுத்து அனுப்பினான். ‘பிள்ளை சாமியாராகப் போய்விட்டானோ’ என்று தாய் படுத்த படுக்கையாகிவிட்டாள். பேசி வைத்திருந்த சம்பந்தமும் குழம்பியது. இன்னொருவன் கார் டு நோர் றெயில் நிலைய முகப்பில் நின்றான். ‘ஸ்ரேசனில் மூட்டை தூக்குகிறான்போல’ என்று ஊரில் முடிவு கட்டினார்கள். பிரெஞ்சுக் கட்டடங்களால் இந்தச் சனத்துக்குப் பிரயோசனம் இல்லை என்பது ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு விளங்கியது. இரும்புக் கம்பி போட்ட பல்கணி, வரிசையாக ஒரே மாதிரி ஜன்னல், அடியில் பேக்கரி. பார்த்தால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. வெளிநாட்டு வீடு என்றால் அது இங்கிலிஸ் வீடாகத்தான் இருக்க வேண்டும்: சரிவான கூரை, புகைபோக்கி, புகை, பூங்கொடி. எங்கள் ஆட்களுக்கு வெள்ளைக்காரன் என்றால் ஒரே வெள்ளைக்காரன்தான். அவனுக்கு ஒரே வீடுதான்.

மேலே கடையில் விற்பனைக்கு இருந்த ஒரு பிஸ்கற் ரின்னின் மூடியில் அப்படி ஒரு வீடு இருந்தது. “இதைப் பெரிசாக் கீறு” என்று நீக்கிலாசிடம் கொடுத்தார். மூடியின் வலது பாதியில் விலைத்துண்டு ஒட்டியிருந்தது. கீறி முடிந்ததும் ரின் மறுபடி தட்டுக்குப் போக வேண்டும் என்பதால் அந்தத் துண்டை உரிக்க அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே வீட்டின் இடது பாதியை நீக்கிலாஸ் ரின்னைப் பார்த்துக் கீறினான். வலது பாதிக்குத் தனக்குத் தெரிந்ததைக் கீறினான்.

அவனுக்குத் தெரிந்தவை இரண்டே கட்டடங்கள். சொந்த ஊரான பாசையூரில் நத்தாருக்குப் பாலன் குடிலின் பின்னால் தொங்கவிடும் பெத்லகேம் ஒன்று. தவக்காலத்தில் சிலுவைப்பாட்டை நடிக்கும் பாஸ்கு மேடைக்குக் கீறிக் கொடுத்த பிலாத்துவின் அரண்மனை மற்றது. மாட்டுத் தொழுவம் இங்கே பொருந்தாது என்பதால் அரண்மனை வந்தது. பூங்கொடி ஏறிய குடிசைச் சுவர் நடுவில் முடிய, அதிலிருந்து இரண்டு பெரிய உரோமானியத் தூண்கள் எழுந்தன. தூண்களுக்கு நடுவே, பிலாத்து வெளியே வந்து கைகழுவும் இடத்தில், ஒரு பச்சைக் கதவு. முன்னால் புல்வெளி இருக்க வேண்டும் என்று ஸ்ரீஸ்கந்தராசா சொல்லியிருந்தார். புல் நீக்கிலாசின் கைக்கு வரவில்லை. ஈர்க்கு விளக்குமாறால் கூட்டிய மணலைக் கீறினான். வளைந்த வளைந்த கோடுகள், அப்போதுதான் கூட்டி முடித்ததுபோல.

“லண்டன்காரன் விடியக் காலமை எழும்பி முத்தம் கூட்டிறானோ?” என்று மகாலிங்கம் அன்றைக்கே கேட்டான்.

ஸ்ரீஸ்கந்தராசா தள்ளி நின்று, தலையைச் சரித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “சரியான இங்கிலிஸ்” என்றார். அந்தக் கணத்திலிருந்து அது அவருடைய படைப்பானது.

இப்படியாக வீட்டுக்குக் குடிவரத் தொடங்கினார்கள். ஸ்ரூடியோவில் ஒரு கறுப்பு ஓவர்கோட்டும் இருந்தது; ஒல்லியானவர்களுக்கு முதுகுப் பக்கம் உடுப்புக் காயவிடும் கொழுவி போட்டு இறுக்கிவிடலாம். அதே கோட், அதே கதவு, அதே புகை. கதவைப் பூட்டித் திறப்பை இப்போதுதான் சட்டைப்பைக்குள் போட்டவர்கள்போல ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். மெற்றோ அந்த இடத்தில் நிலத்துக்கு மேலே, இரும்புப் பாலத்தில் ஓடுகிறது. றெயில் போகும்போதெல்லாம் நிலவறை அதிர்ந்து வீடு முழுவதும் ஆடும். அது ஆடி ஓயும்வரை ஸ்ரீஸ்கந்தராசா கமெராவில் கண்ணை வைத்தபடி காத்திருப்பார். நிற்பவர்களும் சிரித்தபடி காத்திருக்க வேண்டும். அந்தப் படங்களில் எல்லோருடைய சிரிப்பும் கொஞ்சம் பழசாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

நீக்கிலாசும் அங்கே நின்று ஒரு படம் அனுப்பியிருந்தான். அது கலியாணப் பேச்சுக்காக எடுத்ததல்ல. ஆனால் அது ஒரு சித்தப்பாவின் கைக்குப் போய், அங்கிருந்து பேனாட் சம்மாட்டியாரின் வீட்டு மேசைக்குப் போனது. இரண்டு வள்ளமும் ஒரேயொரு மகளும் உள்ள மனிதர். மகள் அற்புதமலர். “பெடியனுக்குச் சொந்த வீடு போல” என்று சித்தப்பா சொன்னார். நீக்கிலாஸ் அதைக் கேள்விப்பட்டு, ‘வீடு அப்படி ஒன்றும் இல்லை’ என்று எழுதினான். பெடியன் அடக்கமானவன் என்று சம்மாட்டியாருக்கு இன்னும் பிடித்துப் போய்விட்டது.

ஆனாலும் அவர் கடல் பார்த்த மனிதர். ஒரு நிபந்தனை வைத்தார். அற்புதமலர் போய் இறங்கட்டும். தெரிந்த குடும்பத்தில் நிற்கட்டும். வீட்டை நேரில் பார்த்து, அதன் முன்னால் இரண்டு பேரும் நின்று ஒரு படம் எடுத்து, ‘பார்த்தேன், சரி’ என்று அவள் தன் கையால் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் பாசையூர்க் கோவிலில் ஞாயிறு பூசையில் கலியாண ஓலை வாசிப்பது, பாரிசில் தாலி கட்டுவது எல்லாம். அவள் எழுதாவிட்டால் கனடாவில் இருக்கும் மாமன் அவளைக் கூப்பிட்டுக்கொள்வான்.

நீக்கிலாசிடம் இருந்தது ஏழாம் மாடியில், கூரைக்குக் கீழே, நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் ஒரு அறை. அதில் மகாலிங்கமும் இன்னும் சிலரும் இருந்தார்கள். கலியாணம் சரிவந்தால் எல்லோரும் வேறு இடம் பார்ப்பதாகச் சத்தியம் பண்ணியிருந்தார்கள். இப்போதைக்குச் சத்தியம் மட்டுமே காலியாக இருந்தது.

அற்புதமலர் பேர்லின் பக்கமிருந்து வந்த றெயிலில் கார் டு நோரில் இறங்கினாள். படத்தில் பார்த்ததைவிட உயரம். வரும் வழியில் மொஸ்கோவில் யாரோ கொடுத்த ஆம்பிளைக் காற்சட்டைக்கு மேலே பாவாடை, அதற்கு மேலே சுவெற்றர். கையில் ஒரு பை; அதை யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்பதுபோல நெஞ்சோடு பிடித்திருந்தாள். அவனைப் பார்த்ததும் முதலில் அவனுடைய பின்பக்கத்தைப் பார்த்தாள், அங்கே ஏதோ இருக்க வேண்டும் என்பதுபோல. அங்கே ஒரு புறா நின்றது.

“சுகமா வந்தனீரோ?” என்றான்.

“ஓம். நீங்கள் கொஞ்சம் கட்டையாப் போனியள்.”

“அந்தப் படத்திலை வாசல் படியிலை நிண்டனான்” என்றான் நீக்கிலாஸ். சொல்லி முடித்ததும் தன் வாயையே அவனால் நம்ப முடியவில்லை.

செவ்ரானில் மரியகொறற்றி அக்கா வீட்டில் அவளுக்கு இடம் ஒழுங்கு பண்ணியிருந்தது. புறநகர் றெயிலில் போனார்கள். லெ பிளாங்-மெனில் தாண்ட, தண்டவாளத்தோரம் சின்னச் சின்னத் தனி வீடுகள் வரத் தொடங்கின: சிவப்பு ஓடு, புகைபோக்கி, முன்னால் ஒரு துண்டு நிலம். அற்புதமலர் கண்ணாடியோடு நெற்றியை ஒட்டிக்கொண்டாள். ஒவ்வொரு வீட்டையும் திரும்பிப் பார்த்து அனுப்பினாள்.

“இதுகளிலும் பாக்க எங்கட பெரிசோ?”

‘எங்கட’ என்ற அந்தச் சொல் நீக்கிலாசின் நெஞ்சுக்குள் போய் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டது. “அது லா சப்பல் பக்கம்” என்றான். கேட்ட கேள்விக்கு அது மறுமொழி இல்லை என்பதை அவளும் கவனித்திருப்பாள். ஆனால் அப்போது இன்னொரு புகைபோக்கி வந்துவிட்டது.

அன்று பின்னேரம் மரியகொறற்றி அக்காவின் குசினி மேசையில் அவள் அந்தப் பையைத் திறந்தாள். உள்ளே வெள்ளை நூலில் வலைபோல றேந்தை பின்னிய ஜன்னல் சீலைகள். கரையில் சின்னச் சின்ன மீன்கள்.

“நாலு” என்றாள். “முன்பக்கம் நாலு ஜன்னல்தானே தெரியுது. பின்பக்கம் எத்தினை எண்டு தெரியாதபடியால் பின்னேல்லை.”

மரியகொறற்றி அக்கா ஒரு சீலையை விரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். மீன்கள் சுவரில் விழுந்தன. “எடியே, இதென்ன நீளம்! அளவு ஆர் தந்தது?”

“இவரின்ரை தலையை வைச்சு அளந்தனான்” என்றாள் அற்புதமலர், வெட்கப்படாமல். “ஆம்பிளையின்ரை தலை இவ்வளவு எண்டால், படத்திலை ஒரு ஜன்னல் ரெண்டு தலைதான் வருது. வீடு தூரத்திலை பின்னுக்கு நிக்குதெண்டு மூண்டு மடங்காக்கினனான். அப்பிடிப் பாத்துப் பின்னினனான்.”

மரியகொறற்றி அக்காவுக்கு வீட்டைப் பற்றி எல்லாம் தெரியும். அவளுடைய புருசனும் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றவர்தான். அவள் நீக்கிலாசைப் பார்த்த பார்வையில் ஒரு கறிச்சட்டி பறந்து வந்தது. அவன் தேத்தண்ணியைக் குடித்தான். சீனி போடாததைக்கூடக் கவனிக்கவில்லை. இப்போது சொல்லலாம் என்று நினைத்தான். வாயைத் திறந்தான். “மீன் வடிவா இருக்கு” என்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவளை லா சப்பலுக்குக் கூட்டி வந்தான். கடுநீலச் சீலை உடுத்தி, மேலே மரியகொறற்றி அக்காவின் கோட் போட்டிருந்தாள். அந்தப் பையும் கையில். மெற்றோப் பாலத்துக்குக் கீழே நடந்தபோது மேலே றெயில் இரைந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள், ஊரில் இராணுவ ஹெலி வரும்போது குனிவதுபோல. பிறகு சிரித்தாள். கடைகள், அராபியரின் கஃபேக்கள், பல்கணிகளில் காயும் படுக்கை விரிப்புகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்தாள். புகைபோக்கிகள் இருந்தன, ஆனால் எட்டாத உயரத்தில், கூட்டம் கூட்டமாக. பலசரக்குக் கடைக்குள் நுழைந்தார்கள். அரிசிச் சாக்குகளைத் தாண்டி, பின்னால் நிலவறைப் படியின் தலைப்பில் நீக்கிலாஸ் நின்றான்.

“அற்புதம்.”

“என்ன?”

“வீடு கீழைதான்.”

அவள் படியைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். “கீழையோ?”

“ஓம். கீழை.”

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அவன் பல மாதங்களாக மனதுக்குள் எழுதி எழுதி வைத்திருந்த பாவசங்கீர்த்தனம் இந்த ஒரு சொல்லாகத்தான் வெளியே வந்தது.

அவள் முன்னால் இறங்கினாள்.

கீழே மின்விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஸ்ரீஸ்கந்தராசா கழுத்துப்பட்டி கட்டி, கமெராவின் பக்கத்தில் ஒரு கையை ஊன்றி, மலரில் வந்த அதே கோணத்தில் நின்றார். மகாலிங்கம் கறுப்புக் கோட்டைத் துலக்கிக்கொண்டிருந்தான். அவர்களுக்குப் பின்னால், சுவரை நிறைத்து, கூரையில் மழை முகிலோடு, வீடு.

அற்புதமலர் கடைசிப் படியில் நின்றுவிட்டாள்.

“வாங்கோ தங்கச்சி, வாங்கோ” என்று தொடங்கினார் ஸ்ரீஸ்கந்தராசா. “இது வெறும் சீன் எண்டு நினைச்சிடாதேங்கோ. நான் இங்கிலாந்திலை இருந்த காலத்திலை அவங்கட கட்டடங்களை நல்லா ஸ்ரடி பண்ணி, அந்த முறையிலை டிசைன் பண்ணினது. இடப்பக்கம் கிராமியம். வலப்பக்கம் கிளாசிக். ரெண்டையும் சேத்தது ஆரெண்டு நினைக்கிறியள்...”

மேலே மெற்றோ வந்தது. சொல் நின்றது. நிலவறை அதிர்ந்து, கூரை நெளிந்து, புகை அசைந்து, தூண்கள் இரண்டும் வயிற்றை உள்ளே இழுத்து வெளியே விட்டன. அற்புதமலர் கையை நீட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அது ஓய்ந்தது. ஓய்ந்த பிறகும் நீக்கிலாஸ் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். படியில் ஏறிப் போகும் சத்தம் வரும் என்று காத்திருந்தான். கனடா மாமனின் முகம் ஞாபகம் வந்தது. அந்த மாமனை அவன் கண்டதேயில்லை.

சத்தம் மற்றப் பக்கம் போனது. அவள் சீலைக்குக் கிட்டப் போய்விட்டாள். மணலில் கூட்டிய கோடுகளைக் குனிந்து பார்த்தாள். பிறகு வலது தூணின் முன்னால் நெடுநேரம் நின்றாள். அந்தத் தூணுக்குச் சலவைக்கல் தோற்றம் வரவேண்டும் என்று நீக்கிலாஸ் நீலக் கோடுகள் இழுத்திருந்தான். அவை எப்போதும்போல, வயதான ஆளின் கெண்டைக்காலில் புடைத்த நரம்புகள் மாதிரி வந்திருந்தன.

“அண்ணை” என்றாள் திரும்பாமல். “நீங்கள் பாசையூரோ?”

“இல்லைத் தங்கச்சி. நாங்கள் வண்ணார்பண்ணை.”

“பின்னை உங்களுக்கு எங்கட பிலாத்து வீடு எப்பிடிக் கிடைச்சது?”

மகாலிங்கத்துக்குக் கோட் கையிலிருந்து நழுவியது.

“இந்த நரம்புத் தூண் எனக்குத் தெரியாதே? சின்னனிலை நான் சனத்துக்கை நிண்டு ‘சிலுவையிலை அறையும்’ எண்டு கத்தினனான், இதுக்கு முன்னாலைதான். பிலாத்துக்கு நரம்பு வருத்தம், தூணுக்கும் தொத்திப் போச்சு எண்டு எங்கட அம்மா ஒவ்வொரு வருசமும் சொல்லிச் சிரிப்பா.” அவள் இப்போது திரும்பினாள். ஸ்ரீஸ்கந்தராசாவைப் பார்க்கவில்லை. “நீங்கள்தான் கீறினது.”

நீக்கிலாஸ் தலையை ஆட்டினான்.

பாரிசில் இத்தனை பேர் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று போயிருக்கிறார்கள். கீறியது யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. இப்போது கேட்கப்பட்டபோது, குற்றம் பிடிபட்டதுபோலவே இருந்தது.

ஸ்ரீஸ்கந்தராசா கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். மறுத்துப் பேசப் போகிறார் என்று மகாலிங்கம் ஆவலோடு பார்த்தான். அவர் சாக்கின்மேல் இருந்துவிட்டார். “முதல் படம் என்ரைதான் தங்கச்சி” என்றார். “பெயின்ற் காயமுந்தி நிண்டு எடுத்தது. அம்மா அதைத் தலைமாட்டிலை வைச்சிருந்தவா. சவப்பெட்டிக்கையும் அதைத்தான் வைச்சவையாம்.” பிறகு, “அந்தளவுக்கு நல்லாத்தான் கீறினவன்” என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அது. அதைச் சொல்ல அவருக்குப் பல்லுக் கழற்றியதுபோல இருந்திருக்க வேண்டும்.

“உந்த வீட்டிலை எத்தினை பேர் இருக்கினம்?” என்று கேட்டாள் அற்புதமலர்.

“எல்லாரும்” என்றான் நீக்கிலாஸ்.

“தெரியும். எங்கட ஒழுங்கையிலேயே மூண்டு வீட்டிலை இதே படம். பெடியள் சேந்து எடுத்த வீடு, பெரிய வீடு, ஆளுக்கொரு அறை எண்டுதான் தாய்மார் பேசித் தீர்த்தவை. முன்னறை ஆருக்கு எண்டு ரெண்டு பேருக்கு இன்னும் கதை பேச்சு இல்லை.”

“அவையள் சொன்னதிலை பெரிய பிழை இல்லைத் தங்கச்சி” என்றான் மகாலிங்கம். “நாங்கள் எல்லாரும் ஒண்டாத்தான் இருக்கிறம். அறைதான் ஒண்டு.”

அவள் சிரிக்கவில்லை. பையைத் திறந்து ஒரு றேந்தைச் சீலையை எடுத்தாள். கீறிய ஜன்னலின் மேல் விளிம்பில் அதைப் பிடித்தாள். சீலை ஜன்னலைத் தாண்டி, பூங்கொடியைத் தாண்டி, முற்றத்து மணலில் போய் விழுந்தது. ஜன்னல் அவளுடைய முழங்கை நீளம்கூட இல்லை. மீன்கள் கூட்டிய மணலில் கிடந்தன.

“நீங்கள் முன்னுக்கு நிண்டிருக்கிறியள்” என்றாள் மெதுவாக. “வீடு உங்கட முதுகோடை ஒட்டி நிண்டிருக்கு. அதைத்தான் நான் யோசிக்கேல்லை.”

“நான் சொல்லியிருக்க வேணும்.”

“ஓம். சொல்லியிருக்க வேணும்.” சீலையை மடிக்கத் தொடங்கினாள். மூலையோடு மூலை வைத்து, அவசரமில்லாமல். “முழுசா நம்பினனான் எண்டில்லை. இவ்வளவு பெரிய வீட்டுக்கை இருந்து ஒருத்தர்கூட உள்ளை நிண்டு படம் எடுத்து அனுப்பேல்லையே எண்டு யோசிச்சனான். ஆனா நம்பாமல் றேந்தை பின்ன ஏலாது. கை ஓடாது.”

நீக்கிலாஸ் மற்ற மூலையைப் பிடித்துக் கொடுத்தான். சொல்லக்கூடிய எல்லாம் அவள் மடித்த சீலையை விடச் சின்னதாக இருந்தது.

“ஐயாவுக்குப் பொய் எழுத மாட்டன்” என்றாள்.

“எழுத வேண்டாம். நான் உம்மைக் கனடாவுக்கு...”

“நீங்கள் கொஞ்சம் பேசாமல் இருங்கோ. பொய் எழுத மாட்டன் எண்டுதான் சொன்னனான்.” அவள் வீட்டைத் திரும்பப் பார்த்தாள், வாடகைக்குப் பார்க்க வந்தவள்போல, கூரையிலிருந்து வாசல்வரை. “இவ்வளவு சனம் இருக்கிற வீட்டுக் கதவு ஏன் பூட்டிக் கிடக்கு?”

“ரின்னிலை அந்த இடத்திலை விலைத்துண்டு” என்றான் மகாலிங்கம்.

“திறந்து விடுங்கோ” என்றாள் நீக்கிலாசிடம்.

அவன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். பிறகு பலகைக்கு அடியிலிருந்து பெயின்ற் பேணிகளை எடுத்தான். ஸ்ரீஸ்கந்தராசா எழுந்து விளக்கொன்றைக் கதவுப் பக்கம் திருப்பிக் கொடுத்தார். வித்தகர் தானாக விளக்குப் பிடித்தது அதுதான் முதல் தடவை. நீக்கிலாஸ் முழங்காலில் இருந்து பச்சைக் கதவின் ஒரு ஓரத்தை அழித்து, ஒரு கை நுழையும் அகலத்துக்கு இடைவெளி விட்டான். கதவின் விளிம்புக்குப் புதுப் பச்சை பூசினான். அவள் பக்கத்தில் குந்தியிருந்து தூரிகை போன வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய கையைக் கிட்டத்தில் அவள் பார்ப்பது இதுவே முதல். கோப்பை கழுவும் சவர்க்காரம் தின்ற விரல்கள்.

“உள்ளுக்கு என்ன தெரிய வேணும்?” என்று கேட்டான்.

“இருட்டுத்தான். இன்னும் ஆர் உள்ளை போய்ப் பாத்தது?”

அவன் கறுப்பை எடுத்தான். பூசத் தொடங்கியபோது அவள் கேட்டாள்:

“நீங்கள் இருக்கிற அறைக்கு எத்தினை ஜன்னல்?”

“ஒண்டு. கூரையிலை.”

“கூரையிலை ஜன்னல் எண்டால் சீலை எப்பிடித் தொங்கும்?”

நீக்கிலாஸ் நேர்மையாக யோசித்தான். சரிந்த கூரை, சரிந்த கண்ணாடி, அதற்குக் கீழே கட்டில். “நேர கீழை விழும்” என்றான். “படுத்திருக்கிற ஆளின்ரை முகத்திலை.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அது சிரிப்பை அடக்கவா, வேறு எதையாவது அடக்கவா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. எழுந்தாள். கதவைத் தள்ளிப் பார்ப்பவள்போல, அந்தப் புதுப் பச்சை விளிம்பில் சுட்டுவிரலை வைத்து அழுத்தினாள். சீலை உள்ளே அமுங்கி மீண்டது. விரல் பச்சையாக வந்தது.

“ஐயோ, ஈரம்” என்று நீக்கிலாஸ் ரேப்பன்ரைன் நனைத்த துணியை நீட்டினான்.

“விடுங்கோ. கிடக்கட்டும்.”

“படத்திலை தெரியும்.”

“தெரியத்தானே வேணும். வீட்டுக் கதவைத் தொட்டுப் பாத்தனான் எண்டு எழுதுவன். பெயின்ற் இன்னும் காயேல்லை எண்டு எழுதுவன். அவரே தன்ரை கையாலை செய்த வீடு எண்டு எழுதுவன். இதிலை எது பொய்?”

ஸ்ரீஸ்கந்தராசா, பூசையில் குரு அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்துக்கு மணி அடிக்கும் நேரத்தில் நிற்பவர்போல, கமெராவுக்குப் பின்னால் போய்ப் பணிவாக நின்றுகொண்டார்.

“மற்றதுகள்?” என்று கேட்டான் நீக்கிலாஸ். “அறை... ஜன்னல்...”

“அதை நான் இன்னும் பாக்கேல்லையே” என்றாள். “பாத்தாப் பிறகு எழுதுவன். சரியெண்டோ, சரியில்லை எண்டோ.”

மகாலிங்கம் கோட்டைக் கொண்டுவந்து நீக்கிலாசுக்குப் போட்டு, முதுகில் கொழுவியைக் குத்தினான். இரண்டு பேரும் கதவுக்கு முன்னால் போய் நின்றார்கள். அவள் நரம்புத் தூண் பக்கம். பச்சை விரல் கோட்டில் பட்டுவிடக் கூடாதே என்று, அது எல்லோருடைய கோட்டும் அல்லவா, அவள் கையை மடித்து அந்த விரலை மட்டும் நெஞ்சுக்கு நேரே மெழுகுதிரிபோல நிமிர்த்திப் பிடித்திருந்தாள்.

“ரெடி” என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

அப்போது மேலே மெற்றோ வந்தது. அவர் கண்ணை எடுக்கவில்லை. ஒருவரும் அசையவில்லை. அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் கூரையும் புகையும் தூண்களும் மெல்ல ஆடின. கை நுழையும் அகலத்துக்குத் திறந்திருந்த கதவு உள்பக்கம் கொஞ்சம் போய், வெளியே வந்து, மறுபடியும் உள்ளே போனது. அது ஓயட்டும் என்று எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள்.